பொட்டிப்புரம் மலையும் நியூட்ரினோவும்: எதற்கு அஞ்ச வேண்டும், எதைக் கேட்க வேண்டும்?

தேனி மாவட்டத்தில் 'நியூட்ரினோ' என்ற சொல்லைக் கேள்விப்படாத வீடு இருக்காது. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி என்று நம் மக்கள் வாழும் ஊர்களில் டீக்கடையிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் பல ஆண்டுகள் பேசப்பட்ட சொல் அது. ஆனால் நியூட்ரினோ என்றால் என்ன, அதை ஏன் மலையைக் குடைந்து ஆராய வேண்டும் என்று கேட்டால் பலரிடமும் தெளிவான பதில் இல்லை. கதிர்வீச்சு வரும், அணுக்கழிவைக் கொட்டுவார்கள், புற்றுநோய் பரவும் என்ற வாட்ஸ்அப் செய்திகள்தான் அதிகம். மறுபக்கம், எந்தப் பாதிப்பும் இல்லை, எதிர்ப்பவர்கள் அறிவியல் தெரியாதவர்கள் என்ற ஏளனம். இந்த இரண்டுக்கும் நடுவில் உண்மையான கேள்விகள் காணாமல் போய்விட்டன.

ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரித்துக்கொள்ள வேண்டும், தெரியாத்தனமாக ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிடக் கூடாது என்பது ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6-வது வசனம் நமக்குத் தரும் பாடம். இந்த விஷயத்தையும் அந்த முறையில் பார்ப்போம்.

மலை மேல் ஒன்று, மலைக்கு அடியில் ஒன்று

வானாய்வுக் கூடம் என்றதும் நம் நினைவுக்கு வருவது கொடைக்கானல். பெரியகுளத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால் தெரியும் அந்த மலைத்தொடரின் மேல் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனை ஆராய்ந்துவருகிறது அங்குள்ள சூரிய ஆய்வுக்கூடம். சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் ஜான் எவர்ஷெட் கண்டறிந்தது அங்கேதான். இன்றும் உலக இயற்பியல் நூல்களில் அது 'எவர்ஷெட் விளைவு' என்றே வழங்கப்படுகிறது.

பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்டதும் பெயரளவில் ஒரு நோக்குக்கூடம்தான். இந்திய நியூட்ரினோ நோக்குக்கூடம் என்பது அதன் பெயர். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ஐஎன்ஓ என்பார்கள். ஆனால் இதற்குத் தொலைநோக்கி கிடையாது. கொடைக்கானலில் ஒளியைப் பார்க்க மலை உச்சிக்கு ஏறினார்கள். இங்கே ஒளியல்லாத ஒன்றைப் பார்க்க மலையின் அடிவயிற்றுக்குள் போக வேண்டியிருக்கிறது.

நியூட்ரினோ என்றால் என்ன?

எலெக்ட்ரான், புரோட்டான் என்று பள்ளியில் படித்திருப்போம். அவற்றைப் போல நியூட்ரினோவும் ஒரு நுண்துகள். மின்னூட்டம் இல்லை, எடை மிக மிகக் குறைவு. இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று வோல்ஃப்காங் பௌலி 1930-இல் கணித்தார். அது உண்மையிலேயே இருப்பதைக் கருவியில் பிடித்துக் காட்ட 1956 வரை ஆனது. காரணம், அது எதனுடனும் எளிதில் மோதுவதில்லை. சுவர், மலை, கடல், முழு பூமி என எல்லாவற்றையும் ஊடுருவிச் சென்றுவிடும்.

சூரியன் எரியும்போது ஒளியோடு நியூட்ரினோக்களும் வெளிவருகின்றன. நம் கட்டைவிரல் நகத்தின் அளவுள்ள இடத்தை ஒவ்வொரு நொடியும் சுமார் 6,500 கோடி சூரிய நியூட்ரினோக்கள் கடந்து செல்கின்றன. இரவில் சூரியன் மறைந்தாலும் இவை நிற்பதில்லை. தஹஜ்ஜுத் தொழ எழுந்து நிற்கும்போது அவை பூமியைத் துளைத்துக்கொண்டு நம் காலடியிலிருந்து மேலே வருகின்றன. மனிதன் படைக்கப்பட்ட நாள் முதல் இப்படித்தான் நடக்கிறது. நம் ஆயுள் முழுவதும் நம் உடலைக் கடக்கும் எண்ணற்ற நியூட்ரினோக்களில் உடலிலுள்ள ஓர் அணுவோடு மோதுவது ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

சின்னமனூர் வாழைப்பழத்திலும் நியூட்ரினோ உண்டு. வாழைப்பழத்திலும் நம் உடலிலும் உள்ள பொட்டாசியத்தில் ஒரு சிறு பகுதி இயற்கையாகவே சிதைகிறது. அப்போது நியூட்ரினோ குடும்பத்துத் துகள்கள் வெளிப்படுகின்றன. ஆக, நியூட்ரினோவைத் தடுத்து வைக்கவும் முடியாது, அதைக் கண்டு அஞ்சவும் தேவையில்லை.

இதனால் வானத்தைப் பற்றி என்ன தெரியும்?

சூரியனின் மையத்தில் பிறக்கும் ஒளியாற்றல் அங்குமிங்கும் மோதி மோதி வெளிப்பரப்புக்கு வந்து சேரப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகும். அங்கே பிறக்கும் நியூட்ரினோ சுமார் 8 நிமிடத்தில் பூமிக்கு வந்துவிடுகிறது. ஆகவே சூரியனின் உள்ளே இப்போது என்ன நடக்கிறது என்பதை நேரடியாகச் சொல்லும் தூதுவன் நியூட்ரினோதான்.

1987 பிப்ரவரியில் சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் ஒளியாண்டு தொலைவிலிருந்த ஒரு நட்சத்திரம் வெடித்த காட்சி பூமியில் தெரிந்தது. அதன் ஒளி தென்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே ஜப்பான், அமெரிக்கா, ரஷ்யாவில் நிலத்தடியில் இருந்த கருவிகளில் இருபதுக்கும் சற்று அதிகமான நியூட்ரினோக்கள் பதிவாகின. ஒரு நட்சத்திரம் இறக்கும்போது அதன் உள்ளே நடப்பதை மனிதன் அறிந்தது அந்த விரல்விட்டு எண்ணக்கூடிய துகள்களால்தான்.

ஏன் மலைக்கு அடியில்?

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் நம் வளிமண்டலத்தில் மோதி மியூயான் என்ற துகள்களை உண்டாக்குகின்றன. நாம் கையை நீட்டினால் உள்ளங்கையின் வழியே நொடிக்கு ஒன்று வீதம் இவை கடந்து போகின்றன. நியூட்ரினோவைப் பிடிக்க வைத்த கருவியைத் திறந்தவெளியில் வைத்தால் இந்த மியூயான்களின் இரைச்சலே கேட்கும். நியூட்ரினோவின் மெல்லிய ஒலி கேட்காது. கல்யாண மண்டபத்து நாதஸ்வரத்துக்கு நடுவே ஒருவர் காதில் ரகசியம் சொல்வது போன்றது அது. ஒரு கிலோமீட்டர் கனமுள்ள பாறையை மேலே வைத்தால் மியூயான்கள் சுமார் பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறையும். நியூட்ரினோவோ எந்தத் தடையும் இல்லாமல் வந்து சேரும்.

இந்த உண்மையை உலகுக்கு முதலில் பயன்படுத்திக் காட்டிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. கோலார் தங்கவயலில் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஜப்பான், பிரிட்டன் விஞ்ஞானிகளோடு சேர்ந்து நடத்திய சோதனையில் 1965-இல் வளிமண்டல நியூட்ரினோ பதிவானது. அந்தச் சுரங்கங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பின்னாளில் ஆழமான சுரங்கங்கள் மூடப்பட்டதும் இந்தியாவின் அந்த ஆய்வும் நின்றுபோனது. அதை மீண்டும் தொடங்கும் முயற்சிதான் ஐஎன்ஓ.

பொட்டிப்புரத்தில் என்ன கட்ட நினைத்தார்கள்?

உத்தமபாளையம் வட்டத்தில், தேவாரத்துக்கு அருகே, போடி மேற்கு மலையின் அடிவாரத்தில் பொட்டிப்புரம் இருக்கிறது. அங்கிருந்து மலைக்குள் கிடைமட்டமாகச் சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கப்பாதை வெட்டி, அதன் முடிவில் ஒரு பெரிய குகை அமைப்பது திட்டம். மேலேயும் பக்கங்களிலும் குறைந்தது ஒரு கிலோமீட்டர் பாறை இருக்கும். சார்னோகைட் எனும் மிகக் கடினமான பாறை அது. பெரிய குகை வெட்டினாலும் தாங்கும் என்பதால்தான் இந்த இடம் தேர்வானது.

குகைக்குள் வைக்கப்படவிருந்தது 50,000 டன் எடையுள்ள காந்தமாக்கப்பட்ட இரும்பு. தோசைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் சுமார் 150 அடுக்கு இரும்புத் தகடுகள். இடையிடையே துகள்களை உணரும் கண்ணாடிப் பெட்டிகள். நாளொன்றுக்குச் சில நியூட்ரினோக்கள் இந்த இரும்பில் மோதும். அப்போது பிறக்கும் மியூயான் காந்தப்புலத்தில் இடமாக வளைகிறதா வலமாக வளைகிறதா என்று பார்த்தால், வந்தது நியூட்ரினோவா அதன் எதிர்த்துகளா என்று தெரிந்துவிடும்.

இது சூரிய நியூட்ரினோவைப் பிடிக்கும் கருவி அல்ல. வளிமண்டலத்தில் உருவாகும் ஆற்றல் மிகுந்த நியூட்ரினோக்களுக்கானது. நியூட்ரினோவில் மூன்று வகை உண்டு. பயணத்தின் போதே ஒரு வகை இன்னொன்றாக மாறிக்கொள்ளும். இதை நிறுவியதற்காக ஜப்பானின் தகாக்கி கஜிதாவும் கனடாவின் ஆர்தர் மெக்டொனால்டும் 2015-இல் நோபல் பரிசு பெற்றனர். இப்படி மாற வேண்டுமென்றால் நியூட்ரினோவுக்கு எடை இருந்தாக வேண்டும். அந்த எடைகளில் எது பெரியது, எது சிறியது என்ற வரிசை இன்னும் உறுதியாகவில்லை. அதைக் கண்டுபிடிப்பதே பொட்டிப்புரம் ஆய்வின் முக்கிய நோக்கம்.

பரவிய அச்சங்களும் பதில்களும்

'அமெரிக்காவிலிருந்து நியூட்ரினோ கற்றையைத் தேனிக்கு அனுப்புவார்கள்' என்றார்கள். தொலைதூர ஆய்வகத்திலிருந்து வரும் கற்றையை இரண்டாம் கட்டத்தில் ஆராயலாம் என்ற யோசனை தொடக்ககால அறிக்கைகளில் இருந்தது உண்மை. ஆனால் அதுவும் ஆபத்தானது அல்ல. ஜப்பானில் 2010 முதல் டோக்காய் என்ற இடத்திலிருந்து 295 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காமியோக்காவுக்கு நியூட்ரினோக்களை நிலத்தடியில் அனுப்பிவருகிறார்கள். வழியில் மக்கள் குடியிருக்கும் ஊர்கள் உள்ளன. எவருக்கும் தீங்கு நேரவில்லை.

'அணுக்கழிவைப் புதைக்கவே சுரங்கம்' என்றார்கள். இத்திட்டத்துக்குப் பணம் தருவதில் அணுசக்தித் துறைக்குப் பங்கு இருப்பதால் எழுந்த சந்தேகம் இது. மும்பையிலுள்ள டாட்டா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும் அதே துறையின் கீழ்தான் இயங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. துறையின் பெயரை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. இந்தக் கருவியின் வடிவமைப்பில் கதிரியக்கக் கழிவுக்கு வேலையே இல்லை. 85 டன் எடையில் இதே கருவியின் சிறு மாதிரி 2018 முதல் மதுரையிலேயே இயங்கிவருகிறது. மதுரைக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.

அப்படியானால் கேட்க வேண்டிய கேள்விகளே இல்லையா?

இருக்கின்றன. நியூட்ரினோவுக்கு அஞ்ச வேண்டாம் என்பது ஒன்று. மலையைக் குடைவது பற்றிக் கேள்வி கேட்க வேண்டாம் என்பது முற்றிலும் வேறொன்று. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மூட முடியாது.

சுரங்கம் வெட்டப் பாறையை வெடிவைத்துத் தகர்க்க வேண்டும். பல லட்சம் டன் கல் வெளியே வரும். அதை எங்கே கொட்டுவார்கள்? தூசி, லாரிப் போக்குவரத்து அந்தச் சிறு கிராமங்களை எப்படிப் பாதிக்கும்? மலைக்குள்ளிருக்கும் நீரோட்டம் திசை மாறினால் கிணற்றுப் பாசனம் என்னாகும்? கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சையும் வாழையும் நெல்லும் தண்ணீரை நம்பியே இருக்கின்றன. முல்லைப் பெரியாறு பிரச்சினையை வாழ்நாளெல்லாம் பார்த்த விவசாயி, தண்ணீர் என்றதும் பதறுவதில் வியப்பில்லை. துகள் உணரும் பெட்டிகளில் ஏசியில் நிரப்புவது போன்ற வாயு பெருமளவில் தேவை. வெளியேறினால் பூமியை வெப்பமாக்கும் வாயு அது. அதை மீண்டும் சுழற்றிப் பயன்படுத்தும் ஏற்பாட்டை யார் கண்காணிப்பார்கள்?

காட்டின் கேள்வி இன்னும் பெரியது. இத்திட்டம் முதலில் நீலகிரியில் சிங்காரா என்ற இடத்துக்குக் கேட்கப்பட்டது. முதுமலைப் புலிகள் காப்பகமும் யானை வழித்தடமும் அருகில் இருப்பதால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2009-இல் மறுத்துவிட்டது. பின் சுருளிப் பகுதி பேசப்பட்டுக் கைவிடப்பட்டு, பொட்டிப்புரம் வந்தது. இங்கும் கேரள எல்லையில் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறது.

2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாயில் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. வைகோ தொடர்ந்த வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதே ஆண்டு தடை விதித்தது. பூவுலகின் நண்பர்கள் அமைப்பின் வழக்கில் 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைத் தயாரித்த நிறுவனத்துக்கு அதற்கான அங்கீகாரம் இல்லை என்பது அதில் வெளிவந்த குறை. 2018 மார்ச்சில் மத்திய அரசு சிறப்பு நேர்வாக மீண்டும் அனுமதி கொடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பாயம் அனுமதியை ரத்து செய்ய மறுத்தாலும் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் கட்டாயம் என்றது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு, புலிகள் நடமாடும் வழித்தடம் பாதிக்கப்படும் என்று உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்து திட்டத்தை எதிர்த்தது.

கவனியுங்கள்: நீதிமன்றங்களில் எடுபட்டது கதிர்வீச்சு வாதம் அல்ல. காடு, வனவிலங்கு, அங்கீகாரமற்ற அறிக்கை ஆகியவைதான். வதந்தியால் முடியாததைச் சரியான கேள்வி செய்தது.

இத்தாலி தரும் பாடம்

இத்தாலியில் கிரான் சாசோ மலைக்கு அடியில் உலகப் புகழ்பெற்ற ஆய்வகம் ஒன்று உள்ளது. அந்த மலையின் நீரூற்றுகள் பல லட்சம் பேருக்குக் குடிநீர் தருகின்றன. 2002-இல் அங்கு நியூட்ரினோ சோதனை ஒன்றுக்காக வைத்திருந்த வேதித்திரவம் சிறிதளவு கசிந்து ஓடையில் கலந்தது. மக்கள் கொதித்தனர், அடுத்த ஆண்டு நீதிமன்ற நடவடிக்கையால் ஆய்வகத்தின் ஒரு கூடமே மூடப்பட்டது. பிறகு வடிகால் அமைப்புகளைச் சீர்செய்த பின்னரே பணி தொடர்ந்தது. அங்கே பிரச்சினை செய்தது நியூட்ரினோ அல்ல, மனிதனின் கவனக்குறைவு. பொட்டிப்புரத்துக் கருவியில் அத்தகைய திரவம் கிடையாது. என்றாலும் மலையும் தண்ணீரும் அமானிதம் என்பதை மறந்தால் எந்த ஆய்வகமும் மக்கள் நம்பிக்கையை இழக்கும் என்பதற்கு அது சாட்சி. பிறருக்குத் தீங்கு விளைவிக்கக் கூடாது என்பது நம் ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. கேள்வி கேட்பது அறிவியலுக்கு எதிரானது அல்ல.

இஸ்தான்புல் தரும் பாடம்

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தொழுகை நேரம், கிப்லா, பிறை ஆகியவற்றின் தேவையால் வானியலை வளர்த்த சமுதாயம் நம்முடையது. 1259-இல் மராகாவில் நஸீருத்தீன் தூஸியும், அடுத்து ஸமர்கந்தில் உலுக் பேக்கும் எழுப்பிய கூடங்கள் உலகுக்கு வழிகாட்டின. 1577-இல் உஸ்மானிய சுல்தான் மூன்றாம் முராத் ஆதரவில் தகியுத்தீன் என்ற அறிஞர் இஸ்தான்புல்லில் ஒரு கூடம் அமைத்தார். மூன்றே ஆண்டில், 1580-இல், அது இடிக்கப்பட்டது. அரண்மனை அரசியலும் ஷைகுல் இஸ்லாமின் எதிர்ப்பும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. அதே காலத்தில் டென்மார்க்கில் டைகோ பிராகே தன் கூடத்தில் கோள்களை அளந்துகொண்டிருந்தார். கோள்களின் பாதையைக் கெப்லர் கண்டறிந்தது அந்த அளவுகளிலிருந்துதான். இஸ்தான்புல்லுக்கும் அந்த வாய்ப்பு இருந்தது.

இன்றும் அறிவு யாருக்காகவும் காத்திருப்பதில்லை. நியூட்ரினோ எடை வரிசையைக் கண்டறியும் நோக்கத்தோடு சீனா குவாங்டாங் மாகாணத்தில் நிலத்துக்கு 700 மீட்டர் கீழே கட்டிய ஜூனோ ஆய்வகம் 2025 ஆகஸ்டில் பதிவுகளைத் தொடங்கிவிட்டது. 1965-இல் முன்வரிசையில் நின்ற நாடு இன்று வெளியே நின்று பார்க்கிறது. காட்டைக் காப்பதற்கு அந்த விலை தகும் என்று முடிவெடுக்கலாம். வேறு இடத்தில் கட்டலாம் என்றும் முடிவெடுக்கலாம். ஆனால் அது விவரம் தெரிந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும். பயந்து எடுத்ததாக இருக்கக் கூடாது.

நாம் செய்யக்கூடியவை

பெரிய திட்டம் எதுவானாலும், அது ஆய்வகமோ குவாரியோ தொழிற்சாலையோ, சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். கிராம சபையிலும் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்திலும் எழுத்து மூலம் கேள்வி வைக்க வேண்டும். 'கதிரியக்கப் பொருள் எதுவும் இங்கே கொண்டுவரப்படாது' என்பது போன்ற வாக்குறுதிகளை வாய்மொழியாக ஏற்காமல் அனுமதி ஆணையிலேயே நிபந்தனையாகச் சேர்க்கக் கோர வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்ததை ஜமாஅத் குழுவில் அனுப்பும் முன், ஊரிலுள்ள ஓர் இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பிள்ளைகளை கொடைக்கானலுக்கு அழைத்துப் போகும் பெற்றோர் ஏரியைப் பார்த்ததோடு திரும்பிவிடாமல், பார்வையாளர்களை அனுமதிக்கும் நேரமறிந்து அங்குள்ள சூரிய ஆய்வுக்கூடத்தையும் காட்டலாம். உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவ்தியா கல்லூரி போன்ற நம் கல்வி நிலையங்களில் இயற்பியல் படிக்கும் மாணவர்களுக்கு, சுற்றுலாப் பயணமாக இல்லாமல் ஆராய்ச்சியை ஒரு வாழ்க்கைப் பாதையாகவே அறிமுகப்படுத்தலாம். டாக்டர், இன்ஜினியர் என்பதற்கு அப்பால் வானத்தையும் துகளையும் ஆராயும் பிள்ளைகள் நம் வீடுகளிலிருந்து வர வேண்டும். நாளை இப்படியொரு திட்டம் வரும்போது, ஊர் சார்பில் எழுந்து அதன் நன்மையையும் தீமையையும் கணக்குப் போட்டுச் சொல்ல நம்மில் ஒருவர் இருப்பார்.

ஒரு வார்த்தை எச்சரிக்கையும் தேவை. நியூட்ரினோ அன்றே குர்ஆனில் சொல்லப்பட்டுவிட்டது என்று வலிந்து பொருள் சொல்லும் பதிவுகளும் உலவுகின்றன. அல்லாஹ்வின் வேதத்துக்கு அப்படிப்பட்ட முட்டுக்கொடுத்தல் தேவையில்லை. வானம், பூமியின் படைப்பைச் சிந்தித்துப் பார்க்கும்படி அது அழைக்கிறது. பார்ப்பதும் அளப்பதும் சரிபார்ப்பதும் நம் வேலை.

பயனுள்ள கல்வியையும், உண்மையைத் தேடும் பொறுமையையும், நமக்குத் தந்த மலையையும் நீரையும் காக்கும் பொறுப்புணர்வையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக.